கொரிய இலக்கியத்தில் நகைச்சுவை: எள்ளுவோரும் எள்ளப்படுவோரும்

1. தோற்றுவாய்

ஒரு நாட்டு மக்களின் அழுகையைப் பிறநாட்டார் எளிதில் உணர்வர். அவர்தம் நகையை உணர்தல் அரிது. அழுகைக்குரிய காரணங்களாகிய இழவும் வறுமையும் எங்கும் ஒன்றே. நகையோ, சொல்லின் இருபொருளையும், குடிப்பிறப்பின் ஏற்றத்தாழ்வையும், யார் முன்னர் யார் பேசலாம் என்னும் வழக்கையும் பற்றுக்கோடாகக் கொண்டு நிற்பது. ஆதலின் அயலார் ஒரு மக்களைப் பற்றி எழுதப் புகும்போது அவர்தம் துயரத்தை முதலிற் கண்டு, அதனையே அம்மக்களின் முழு இயல்பாகக் கொண்டுவிடுகின்றனர்.

கொரிய மக்களுக்கு இந்நிலை பெரிதும் நேர்ந்துள்ளது. கொரிய நாடு சப்பானியர் ஆட்சியில் இருந்த 1920-களில், யானகி முனெயோஷி என்னும் சப்பானியக் கலையறிஞர் கொரியக் கலையின் அழகு துயரத்தின் அழகே என எழுதினார். அவர் கொரியக் கலைபால் உண்மையான அன்புடையவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஆளப்படும் மக்கள் இயல்பாகவே துயருடையவர் என்னும் கருத்து ஆள்வோர்க்கு எத்துணை உதவியாவது என்பதைப் பிற்காலக் கொரியத் திறனாய்வாளர் எடுத்துக் காட்டினர். எனினும் 'ஹன்' எனப்படும் தீராத உள்ளத்துயரே கொரிய இலக்கியத்தின் உயிர்நிலை என்னும் கூற்று இன்றும் பலரால் வழங்கப்படுகிறது. அக்கூற்று பாதி உண்மையே என்பதும், மற்றப் பாதி நகையில் உளது என்பதும், அந்நகையின் தன்மை யாது என்பதும் இக்கட்டுரையில் ஆராயப்படும்.

இவ்வாராய்ச்சிக்கு நம் இலக்கண மரபிலிருந்து ஓர் அளவுகோலைக் கொள்ளலாம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்குரிய நிலைக்களங்களுள் எள்ளலை முதலில் வைக்கிறது. அதற்கு உரைகண்ட பேராசிரியர் எள்ளலை இருவகைப்படுத்துவர். பிறரைத் தான் இகழ்ந்து நகுவது ஒன்று. பிறர் தன்னை இகழ்ந்தவிடத்துத் தானே நகுவது மற்றொன்று. முன்னது யாவரும் அறிந்தது. பின்னது நுட்பமானது, கொரிய நகையைத் திறக்கும் திறவுகோல் அதுவே என்பது நம் கருத்து.

2. இரு சொற்கள்

கொரியத் திறனாய்வாளர் நகைச்சுவையைப் பற்றிப் பேசுங்கால் இரு சொற்களை வேறுபடுத்துவர். 'புங்ஜா' என்பது ஒன்று. 'ஹேஹக்' என்பது மற்றொன்று. புங்ஜா என்பது குற்றமுடையாரைக் குத்திக்காட்டும் அங்கதம். நகுவோன் ஒருபுறமும் நகப்படுவோன் மறுபுறமுமாக நிற்பது அதன் இயல்பு. ஹேஹக் என்பதோ பரிவு கலந்த நகை. அதில் நகுவோனும் நகப்படுவோனும் ஒரே பாயில் அமர்ந்திருப்பர். வறியவனைக் கண்டு நகுவோன் தன் வறுமையையும் அவனிடத்தே காண்கிறான்.

இவ்விரண்டனையும் பேராசிரியர் கூறிய இருவகை எள்ளலோடு ஒருபுடை ஒப்பிடலாம். ஆயினும் இரண்டும் நூல்களில் தனித்தனியே நிற்பதில்லை. ஒரே காட்சியில் ஒன்று மற்றொன்றாக மாறுவதே கொரிய மரபின் சிறப்பு. எப்போது மாறுகிறது, எதனால் மாறுகிறது என்பதே வினா.

3. கற்றோர் நகை

சோசோன் அரசு 1392 முதல் கன்பூசிய நெறியைத் தழுவி நின்றது. 'யாங்பன்' எனப்பட்ட உயர்குடியினர் கல்வியும் பதவியும் தமக்கே உரியனவாகக் கொண்டனர். அவர்க்குரிய ஒழுக்கத்தில் உரக்க நகுதல் தகாது. ஆயினும் 15-ஆம் நூற்றாண்டில் சொ கொஜொங் (1420–1488) என்னும் பேரறிஞர் நகைக்கதைகளைத் திரட்டி நூலாக்கினார். இவர் தம் நாட்டாரின் செய்யுளும் உரையும் அடங்கிய பெருந்தொகையை 1478-இல் தொகுத்தளித்த குழுவின் தலைவர் என்பது கருதத்தக்கது. இவர் காலத்தவராகிய காங் ஹுயிமேங் (1424–1483) என்பாரும் நாட்டுப்புற நகைக்கதைகளைத் தொகுத்தார். அந்நூற்பெயரின் பின்பகுதிக்குத் 'தாடையைத் தளர்த்துவது' என்பது பொருள். இறுகக் கட்டிய தாடையே உயர்குடி ஒழுக்கத்தின் அடையாளம் எனின், அதனைத் தளர்த்துதற்கு ஒரு நூல் வேண்டியிருந்தது போலும்.

இம்மரபின் கொடுமுடி பாக் ஜிவொன் (1737–1805) எழுதிய 'யாங்பன் கதை'. சொங்சொன் என்னும் ஊரில் ஒரு வறிய யாங்பன் ஆயிரம் மூட்டை அரசாங்கத் தானியம் கடன்படுகிறான். செல்வமுடைய பொதுமகன் ஒருவன் அக்கடனைத் தீர்த்து, அவனது குடிப்பெருமையை விலைக்கு வாங்குகிறான். ஊர்த்தலைவர் விற்பனை ஓலை எழுதுகிறார். முதல் ஓலையில் யாங்பனுக்குரிய கடமைகள் அடுக்கப்படுகின்றன: பணத்தைக் கையால் தொடலாகாது, அரிசி விலை கேட்கலாகாது, வெயிலிலும் காலுறை கழற்றலாகாது. ஊதியம் ஒன்றும் காணோமே எனப் பொதுமகன் முறையிடவே, இரண்டாம் ஓலை எழுதப்படுகிறது. அதில் உரிமைகள் வருகின்றன: அயலானின் எருதைப் பிடித்து முதலில் தன் நிலத்தை உழுதுகொள்ளலாம், எதிர்ப்பவனைத் துன்புறுத்தலாம், கேட்பார் இல்லை. இதனைக் கேட்ட பொதுமகன், தன்னைக் கள்வனாக்கப் பார்க்கின்றனரே என்று அஞ்சி ஓடுகிறான். வாழ்நாள் முழுதும் யாங்பன் என்னும் சொல்லை அவன் எடுக்கவில்லை.

இக்கதையில் நகை எங்கே பிறக்கிறது? யாங்பனை ஒருவரும் வையவில்லை. அவன் கடமையும் உரிமையும் சட்ட ஓலையின் நடையில், எவ்வித மிகையுமின்றி எழுதப்படுகின்றன. எழுதிய அளவிலேயே அவை நகைக்கிடமாகின்றன. இஃது அங்கதத்தின் உயர்நிலை. எனினும் ஒன்று நோக்கற்பாலது. பாக் ஜிவொன் தாமும் யாங்பன் குடியினர். கதையை எழுதியதோ செஞ்சீன மொழியில். அதனைப் படிக்க வல்லவரும் யாங்பன் குடியினரே. ஆகவே இது கீழோர் மேலோரை எள்ளியதன்று. எள்ளப்படுவோர் தம்மைத் தாமே எள்ளிக்கொண்டது. பேராசிரியர் கூறிய இரண்டாம் வகைக்கு இஃது அணிமையது.

4. முகமூடிக் கூத்து

கல்லாத மக்கள் யாங்பனை எவ்வாறு நகையாடினர் என்பதை அறிய முகமூடிக் கூத்தாகிய 'தல்சும்' என்பதை நோக்குதல் வேண்டும். இக்கூத்து 2022-இல் யுனெஸ்கோவின் மரபுச் செல்வப் பட்டியலில் இடம்பெற்றது. பல வட்டாரங்களில் பல வகையாக ஆடப்பெறும் இதன் இரு வகைகளை ஈண்டு ஒப்பிடுவோம்.

முதலாவது, அந்தோங் வட்டாரத்து ஹாஹ்வே என்னும் ஊரின் கூத்து. அவ்வூர் ரியூ குடியினராகிய யாங்பன்களின் ஊர். ஊர்த்தெய்வ விழாவின் பகுதியாக, ஊரின் எளிய மக்கள் முகமூடியணிந்து ஆடினர். பழைய முறையில் இவ்விழா இறுதியாக நடந்தது 1928-இல், பின்னர் மீட்டெடுக்கப்பட்டது. அதில் ஒரு யாங்பனும் ஒரு புலவனும் தம்முள் யார் உயர்ந்தவர் என வழக்கிடுகின்றனர். யாங்பன் தான் 'சதேபூ' வழியினன் என்கிறான். அச்சொல் கற்ற உயர்குடியினரைக் குறிப்பது; அதன் முதலெழுத்தின் ஒலி கொரிய மொழியில் நான்கு என்னும் எண்ணுக்கும் உரியது. புலவன் உடனே தான் எட்டு என்னும் எண்ணைச் சேர்த்த 'பல்தேபூ' வழியினன் என்கிறான். அப்படி ஒரு குடியே இல்லை. புலவன் தான் நான்கு நூலும் மூன்று மறையும் கற்றவன் எனவே, யாங்பன் தான் எட்டு நூலும் ஆறு மறையும் கற்றவன் என்கிறான். அவ்வாறு மறைகள் எவை என்று புலவன் கேட்க, யாங்பனால் விடை கூற இயலவில்லை. சோரெங்கி என்னும் ஏவலன் முன்வந்து, தனக்குத் தெரியும் என்று அடுக்குகிறான். மறையைக் குறிக்கும் 'கியோங்' என்னும் ஒலியில் முடியும் சொற்களே அவன் தரும் பட்டியல். புத்தமதப் பெருமறைத் தொகுதியில் தொடங்கி, குருடனின் கண்ணாடி, மருந்துக்கடை வேர் என இறங்கி, பண்ணையாளுக்கு ஆண்டிறுதியில் தரும் கூலியில் முடிகிறது.

இது வெறும் சொல்விளையாட்டு எனக் கொள்ளின் பொருள் நழுவும். ஏவலனுக்கு மறை யாது? தனக்கு வரவேண்டிய கூலியே. உயர்ந்தோர் தம் மறைகளை எண்ணுமிடத்தில், கூலி என்னும் சொல் ஒலி ஒப்புமையால் உட்புகுந்து அமர்ந்துகொள்கிறது. கேட்கும் உயர்குடியினர் சிலேடைக்காக நகலாம். பண்ணையாள் வேறு காரணத்துக்காக நகலாம். ஒரே சொல் இருவரையும் ஒரே நேரத்தில் நகுவிக்கிறது.

இரண்டாவது, வடமேற்கில் ஹ்வாங்ஹே மாநிலத்துப் பொங்சான் கூத்து. இது சந்தை ஊர்களின் கூத்து. வணிகரும் ஊர் அலுவலகக் கணக்கரும் இதனைப் பேணினர். இங்கு மால்த்துகி என்னும் ஏவலன், தன் தலைவர்களாகிய மூன்று யாங்பன் உடன்பிறந்தாரை அவையோர்க்கு அறிமுகம் செய்கிறான். யாங்பன் என்னும் சொல்லின் இரு பகுதிகளையும் பிரித்து, ஒன்றுக்கு நாய்த்தோல் விரிப்பையும், மற்றொன்றுக்கு நாய்க்கால் வடிவக் காலுடைய உணவுப் பலகையையும் வேராகக் காட்டுகிறான். யாங்பன்கள் சினந்து, என்ன சொன்னாய் என்று அதட்டுகின்றனர். அவன் உடனே பேச்சை மாற்றி, பெரியோர் வருகின்றனர், புகைபிடிக்க வேண்டா என அவையோரிடம் கூறியதாகச் சொல்கிறான். அவர்கள் அதனை நம்பி மகிழ்ந்து ஆடுகின்றனர். இகழ்ச்சி, அதட்டல், சமாதானம், ஆட்டம் என்னும் இந்நான்கும் மீண்டும் மீண்டும் வருகின்றன.

இரண்டனையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகும். ஹாஹ்வேயில் யாங்பன் ஊரிலேயே இருக்கிறார். அவர் இசைவின்றிக் கூத்து நடவாது. அங்கு எள்ளல் சிலேடைக்குள் ஒளிந்து நிற்கிறது. பொங்சானில் யாங்பனின் கைவலிமை குறைவு. அங்கு எள்ளல் வெளிப்படையாகிக் கூர்மையுறுகிறது. எள்ளலின் வன்மையை உறுதிசெய்வது புலவனின் துணிவு மட்டுமன்று. எள்ளப்படுவோன் எங்கே அமர்ந்திருக்கிறான் என்பதும் ஆகும்.

இங்கு ஒரு தடை எழும். யாங்பனே இசைவு தந்து நடத்துவித்த கூத்து எங்ஙனம் எதிர்ப்பாகும்? மக்களின் சினத்தை ஓராட்டத்தில் வடித்துவிட்டு, மறுநாள் பழையபடி பணிவிப்பதற்கு அஃது ஒரு வழியன்றோ? இத்தடை எளிதில் தள்ளற்பாலதன்று. ஆட்டம் முடிந்த மறுநாள் ஏவலன் ஏவலனாகவே இருந்தான். இதற்குரிய விடையைக் கட்டுரையின் பிற்பகுதியில் காண்போம்.

5. பான்சோரி

'பான்சோரி' என்பது ஒரு பாடகரும் ஒரு முழவரும் மட்டுமே நிகழ்த்தும் கதைப்பாட்டு. பாடகர் கையில் ஒரு விசிறி உண்டு. வேறு கருவி இல்லை. பாட்டும் உரையும் மாறிமாறி வரும். அவையோர் வாளா இருப்பதில்லை. உரிய இடங்களில் வியப்பும் பாராட்டும் ஒலித்து ஊக்குவர். இவ்வூக்கொலிக்குச் 'சுயிம்சே' என்று பெயர். பன்னிரண்டு கதைகளுள் இன்று இசையோடு முழுமையாக வழங்குவன ஐந்து. பாடகர் இழிகுலத்தவராகக் கருதப்பட்டனர். கேட்போரோ ஏழையும் யாங்பனுமாக இருதிறத்தாரும்.

ஹுங்பு கதையை எடுத்துக்கொள்வோம். அண்ணன் நொல்பு செல்வன், தீயவன். தம்பி ஹுங்பு நல்லவன், வறியவன். பிறர்க்கு வயிற்றுள் ஆறு பைகள் இருப்ப, நொல்புவுக்கு ஏழாவதாகத் தீக்குணப் பை ஒன்று உண்டு எனக் கதை தொடங்கி, அவன் செய்யும் தீச்செயல்களை நீள அடுக்குகிறது. காய்த்த பூசணியில் முளை அடிப்பதும், இழவு வீட்டில் ஆடுவதும் அவற்றுட் சில. இது புங்ஜா. ஹுங்புவின் வறுமையைக் கூறுமிடத்தில் நகை வேறுபடுகிறது. பிள்ளைகள் பலர்க்கும் ஆடையில்லை; ஒரே பாயில் துளைகள் இட்டுத் தலைகளை மட்டும் வெளியே நீட்டவைக்கிறான்; ஒரு பிள்ளை வெளிக்குச் செல்ல, எல்லாப் பிள்ளைகளும் உடன் செல்ல வேண்டியதாகிறது. அண்ணன் வீட்டில் சோறு கேட்கச் சென்றபோது அண்ணி சோற்றகப்பையால் கன்னத்தில் அறைகிறாள். ஒட்டிய சோற்றுப் பருக்கைகளைத் தின்று, மறு கன்னத்திலும் அறையுமாறு வேண்டுகிறான். பிறர்க்குரிய கசையடியைத் தான் வாங்கிக் கூலி பெறலாம் என்று எண்ணிச் சென்றால், அதற்கும் வேறொருவன் முந்திக்கொள்கிறான்.

இவ்விடத்து நகுவோர் எவர்? பசியை அறிந்தவரே. அறையப்பட்டவனே அதில் ஊதியம் காண்பது, தான் எள்ளப்பட்டவிடத்துத் தானே நகும் நகை. அண்ணி தந்த இழிவை அவன் சோறாக மாற்றிவிடுகிறான். அவளுக்கு வேறு படைக்கலம் எஞ்சவில்லை. இங்கு ஹேஹக் என்பது துன்பத்தை மறைப்பதன்று. பாயின் துளைகளை எண்ணினால் பிள்ளைகளின் தொகை தெரியும். தொகை தெரிந்தால் பசியின் அளவு தெரியும்.

சிம்சொங் கதையில் இவ்வியல்பு கதையமைப்பிலேயே காணப்படுகிறது. குருட்டுத் தந்தைக்குப் பார்வை வேண்டி மகள் முந்நூறு மூட்டை அரிசிக்குத் தன்னை விற்றுக் கடலில் பாய்கிறாள். அழுகையின் உச்சம் அது. அடுத்து வருபவள் தந்தையின் பொருளைத் தின்றழிக்கும் பெங்தோக் என்னும் பெண். அவள் பெருந்தீனியும் ஊர்ச்சண்டையும் விரைந்த தாளத்தில் பாடப்படுகின்றன. அவையோர் கண்ணீர் உலருமுன் நகுகின்றனர். இது சுவைக்கேடு எனச் சிலர் கருதலாம். அங்ஙனமன்று. மகள் இறந்த பின்னும் தந்தை உண்ணவும் ஏமாறவும் வேண்டியிருக்கிறது என்பதே அப்பகுதியின் பொருள். துயரத்தோடு கதை நின்றுவிடின் அது மகளின் கதை. நகையோடு தொடர்வதால் அது வாழ்வின் கதை.

6. முயலின் ஈரல்

நகை உயிர்காத்த வரலாறும் கொரிய ஏடுகளில் உண்டு. கிம் பூசிக் 1145-இல் தொகுத்த 'சம்குக் சகி' என்னும் வரலாற்று நூல், 642-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகிறது. சில்லா நாட்டு இளவரசர் கிம் சுன்சூ படையுதவி வேண்டிக் கோகுரியொ நாட்டுக்குச் சென்று அங்கே சிறைப்படுத்தப்பட்டார். அந்நாட்டு அமைச்சர் ஒருவர் அவருக்கு ஒரு கதை சொன்னார். கடலரசன் மகளின் நோய்க்கு முயலின் ஈரல் வேண்டி ஆமை முயலை ஏமாற்றி அழைத்துச் செல்ல, முயல் தன் ஈரலைக் கரையில் வைத்துவந்ததாகக் கூறித் தப்பிய கதை அது. குறிப்பறிந்த இளவரசர், கேட்ட நிலத்தைத் தருவதாக வாக்களித்து விடுதலை பெற்றார்.

இக்கதை நமக்குப் புதிதன்று. குரங்கு தன் நெஞ்சை மரத்தில் விட்டுவந்ததாக முதலையிடம் கூறிய கதை புத்த சாதகக் கதைகளுள்ளும் பஞ்சதந்திரத்துள்ளும் உண்டு. புத்த சமயத்தோடு வடக்கே சென்ற அக்கதை, கொரிய நாட்டில் முயலும் ஆமையுமாக உருமாறி, பின்னர்ச் 'சூகுங்கா' என்னும் பான்சோரியாக வளர்ந்தது. வளர்ந்தபோது அது பெற்ற மாற்றம் கருதத்தக்கது. பான்சோரியில் நோயாளி அரசனே. அவன் அவையில் மீன்கள் பதவிப் பெயர்களோடு வரிசையாக நிற்கின்றன. கரைக்குச் செல்லத் துணிந்தவர் அரியர். எளியவனின் ஈரலைத் தின்று அரசு உடல்நலம் பெற எண்ணுகிறது. பண்டைக் கதையில் அறிவின் வெற்றியாக இருந்தது, இங்கு ஆட்சியின் மீதான அங்கதமாயிற்று.

7. இருபதாம் நூற்றாண்டில்

இம்மரபு அச்சு நூல்களுக்கும் வந்தது. சே மான்சிக் (1902–1950) 1938-இல் எழுதிய 'உலகெங்கும் அமைதி' என்னும் நாவலின் தலைவன் யுன் என்னும் பெருநிலக்கிழான். சப்பானியர் ஆட்சி தன் செல்வத்தைக் காப்பதால், அதனையே பொற்காலம் எனப் போற்றுகிறான். ஆசிரியர் பான்சோரிப் பாடகரைப்போல அவையோரை விளித்து, பணிவுமிக்க சொல்முடிபுகளால் கதை கூறுகிறார். கொரிய மொழியில் வினைமுற்றே மரியாதையின் அளவைக் காட்டும். மரியாதை மிகமிக யுன் சிறுத்துப் போகிறான். இறுதியில், தான் பெரிதும் நம்பிய பேரன் பொதுவுடைமை இயக்கத்தில் சேர்ந்து சிறைப்பட்டான் என்னும் செய்தி வருகிறது. அமைதியான இக்காலத்தில் இவனுக்கு என்ன குறை என்று கிழவன் கதறுகிறான். தணிக்கை நிலவிய காலத்தில் ஆட்சியை நேரே பழித்திருப்பின் நூல் வெளிவந்திராது. ஆட்சியைப் புகழ்வோனைப் புகழ்ந்தே ஆசிரியர் தம் கருத்தை நிறுவினார்.

1970-இல் கிம் ஜிஹா என்னும் கவிஞர் 'ஐந்து கள்வர்' என்னும் நெடும்பாட்டைப் பான்சோரி நடையில் எழுதி இதழொன்றில் வெளியிட்டார். பெருமுதலாளி, சட்டமன்ற உறுப்பினர், உயர் அலுவலர், படைத்தலைவர், அமைச்சர் என்னும் ஐவரும் களவுத்திறன் காட்டப் போட்டியிடுவதாக அது அமைந்தது. கவிஞர் சிறைப்பட்டார், இதழும் நின்றது. தொடர்ந்து 1970-களிலும் 1980-களிலும் மாணவர் முகமூடிக் கூத்தைப் பயின்று, திறந்தவெளி அரங்குகளில் அரசியல் நாடகங்கள் ஆடினர்.

முன்னர்க் கூறிய தடைக்கு விடை இங்கே உளது. பழைய நகை வெறும் வடிகாலே எனின், அதன் வடிவத்தை மேற்கொண்ட பாட்டுக்குச் சிறை எதற்கு? வடிகாலாக அமைந்தது நகையன்று. விழா நாள் என்னும் வேலியே. வேலிக்குள் நகை அடங்கியிருந்ததாயினும், அதன் சொல்லும் தாளமும் நடையும் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டன. வேலி நீங்கிய காலத்து அவை ஆயத்தமாக இருந்தன. மறுநாள் ஏவலன் ஏவலனாகவே இருந்தான் என்பது உண்மை. ஆனால் அவன் தன் சொல்லை மறக்கவில்லை என்பதும் உண்மை.

8. ஒரு குறை

இந்நகை எப்போதும் மேல்நோக்கியே எழுந்தது எனக் கூறின் அது புகழ்ச்சியாகுமேயன்றித் திறனாய்வு ஆகாது. பொங்சான் கூத்தில் மியால் என்னும் கிழவி, பிரிந்த கணவனைத் தேடிக் கண்டடைந்தும், அவன் இளைய மனைவியால் விளைந்த சண்டையில் அடிபட்டு இறக்கிறாள். அவள் மூப்பும் தோற்றமும் நகைப்பொருளாக்கப்படுகின்றன. பெங்தோக்கின் கதையிலும் குருடனின் இயலாமையும் பெண்ணின் உடலும் நகைக்கிடமாகின்றன. யாங்பனை எள்ளிய அதே அவை மெலியோரையும் எள்ளியது. கிழவி இறந்தபின் சாச்சடங்கு நிகழ்த்தப்படுவதால் இரக்கம் ஓரளவு மீள்கிறது எனலாம். ஆயினும் நகப்பட்ட கிழவிக்குத் தான் நகும் வாய்ப்பைக் கூத்து தரவில்லை. ஹுங்புவுக்குத் தந்ததை மியாலுக்குத் தரவில்லை. நம் அளவுகோலின்படி இது குறையே.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கொரிய இலக்கியத்தைத் துயர இலக்கியம் என ஒரு சொல்லில் அடக்குதல் பொருந்தாது என்பதும், அதன் நகை துயரத்துக்கு மாற்றாக அன்றித் துயரத்தினுள்ளேயே பிறப்பது என்பதும், எள்ளுதல் எள்ளப்படுதல் என்னும் இருநிலையும் ஒருங்கு அமைந்தவிடத்தே அது சிறக்கிறது என்பதும் பெறப்படும்.

ஹாஹ்வே முகமூடிகளுள் யாங்பனின் முகமூடி ஒன்றைக் குறிப்பிட்டு இக்கட்டுரையை முடிக்கலாம். அதன் தாடை தனியே செய்யப்பட்டுக் கயிற்றால் பிணைக்கப்பட்டது. ஆடுவோன் தலையை நிமிர்த்தினால் முகம் நகும், குனிந்தால் சினக்கும். அம்முகமூடியை அணிந்து யாங்பனாக ஆடியவன் யாங்பன் அல்லன். அவ்வூரின் எளிய குடியில் ஒருவன். ஆண்டு முழுதும் எவன் முகத்தைக் கண்டு அவன் அஞ்சினானோ, அம்முகத்தின் நகையையும் சினத்தையும் அன்று அவனே தன் கழுத்தசைவால் இயக்கினான்.